காத்திருக்கத் தெரியாத பக்கவாத்தியம்

1954 டிசம்பர் 2. பாரிஸின் ஷான்ஸெலிஸே அரங்கில் மொசார்ட்டுக்கும் சைகோவ்ஸ்கிக்கும் நடுவில் ஒரு புதிய படைப்பைச் செருகியிருந்தார்கள். எட்கார் வரேஸ் எழுதிய அதன் பெயர் 'தெஸேர்', பாலைவனங்கள் என்று பொருள். 14 காற்று வாத்தியங்கள், ஒரு பியானோ, தாள வாத்தியங்களோடு 5 பேர். கொஞ்ச நேரம் வாசித்தார்கள். பிறகு 20 பேரும் வாத்தியங்களைக் கீழே இறக்கிவிட்டுச் சும்மா இருக்க, ஸ்பீக்கர்களிலிருந்து இரும்பாலைச் சத்தம் கிளம்பியது. அது அடங்கியதும் மறுபடி மனிதர்கள். மொத்தம் 7 பகுதிகள்: வாத்தியங்களுக்கு 4, இயந்திரத்துக்கு 3.

அரங்கம் கொந்தளித்துவிட்டது. சீழ்க்கை, கூச்சல், எதிர்க் கூச்சல். நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானதால் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் இந்தக் கலவரத்தில் பங்கு கிடைத்தது. 1913இல் ஸ்த்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறி ரகளை நடந்ததும் இதே அரங்கில்தான்.

ஆனால் சத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் அன்று மேடையில் நடந்தது மிகவும் எச்சரிக்கையான ஓர் ஏற்பாடு. வரேஸுக்கு 1953இல் யாரோ ஒரு நண்பர் பெயர் சொல்லாமல் ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரை அனுப்பிவைத்திருந்தார். ஆலைகளுக்குப் போய்ச் சத்தங்களைப் பதிந்து அவர் ஒலிநாடாவைத் தயாரித்தார். அப்படித் தயாரித்ததை வாத்தியங்களோடு ஒரே நேரத்தில் பேசவிடவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் மௌனம். சண்டைக்கார அண்ணன் தம்பியை ஒரே பந்தியில் உட்கார வைக்காத கல்யாண வீட்டுக்காரரின் முன்ஜாக்கிரதை அது.

இருவரையும் ஒரே இலையில் உட்கார வைத்த கதைதான் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் கதை. அதில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்று: யாருக்காக யார் காத்திருப்பது?

சேம்பர் இசையில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்குக் கோல் பிடித்து நடத்த ஒருவர் இருக்கிறார். நான்கு பேர், ஐந்து பேர் கூடி வாசிக்கும் சேம்பர் இசையில் அப்படி யாரும் இல்லை. முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பதைப் பார்த்து மற்றவர்கள் வில்லைத் தூக்குவார்கள். ஒருவர் ஒரு ஸ்வரத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் மற்றவர்களும் நிற்பார்கள். நம் கச்சேரி மேடையில் இது புதிதல்ல. பாடகர் ஆலாபனையில் எங்கே மூச்சு விடுவார் என்பது வயலின்காரருக்குத் தெரியும். கற்பனை ஸ்வரத்தில் பாடகருக்கு இடம் தவறினால் மிருதங்கக்காரர் ஒரு சொல்லை அழுத்திக் கொடுத்து, சபைக்குத் தெரியாமல் அவரை எடுப்பில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பக்கவாத்தியம் என்றால் பாதி வேலை வாசிப்பது, பாதி வேலை கேட்பது.

டேப்புக்குக் காது கிடையாது.

மின்சாரக் கருவி சேம்பர் மேடை ஏறியது டேப்புக்கு முன்பே நடந்துவிட்டது. 1939இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கார்னிஷ் கலைப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜான் கேஜ், 'கற்பனை நிலக்காட்சி 1' என்று ஒரு படைப்பைச் செய்தார். கம்பிகளைக் கையால் அமுக்கி ஒலியெழுப்பும் பியானோ, ஒரு சிம்பல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு இசைத்தட்டுக் கருவிகள். தட்டுகளில் இருந்தது பாட்டல்ல. வானொலி நிலையங்களில் கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் ஒற்றை ஸ்ருதி ஓசை. தட்டின் வேகத்தை மாற்ற, ஓசை சறுக்கி ஏறும், இறங்கும். இசைத்தட்டுக் கருவியை இயக்கியவரும் மற்றவர்களைப் போல இசைக்குறிப்பைப் பார்த்து, தாளம் எண்ணி வாசித்தார். இயந்திரம் ஒரு மனிதரின் கைக்குள் இருந்தவரை காத்திருப்புப் பிரச்சினை எழவில்லை.

போருக்குப் பிறகு டேப் ரெக்கார்டர் பரவியபோது அந்தக் கை விலகியது. இசைக்கூடங்களில் டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஆக, அரை விநாடி இசை என்றால் 19 சென்டிமீட்டர். இசையமைப்பாளர் அளவுகோலை வைத்து அளந்து, சவர பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினார். காலம் என்பது துணிக்கடை விவகாரம்போல அளந்து வெட்டும் பொருளாகியது. 1952இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் கோடை வகுப்புகளில் இத்தாலியரான புரூனோ மதெர்னா, 'இரு பரிமாணங்களில் இசை' என்ற படைப்பை முன்வைத்தார். ஃப்ளூட், சிம்பல், ஒலிநாடா. வாசித்தவர் செவெரினோ கட்செல்லோனி. உயிருள்ள மூச்சு ஒரு பரிமாணம், ஸ்பீக்கர் இன்னொன்று. மதெர்னாவுக்கு அது திருப்தி தரவில்லை போலும். லூச்சானோ பெரியோவுடன் சேர்ந்து 1955இல் மிலான் வானொலி நிலையத்தில் ஓர் இசைக்கூடத்தைத் தொடங்கினார். 1958இல் அதே தலைப்பில் முழுக்க வேறொரு படைப்பை அங்கே செய்து முடித்தார்.

கோல்ன் நகர வானொலி நிலையத்தின் மின்னணு இசைக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் ஷ்டாக்ஹவுசன் இன்னும் பெரிய கனவு கண்டார். 'கோன்டாக்டே' என்ற படைப்பை அவர் 1958இல் தொடங்கியபோது திட்டம் இது: வாத்தியக்காரர்கள் டேப்பைக் கேட்டு அந்தந்தக் கணத்தில் தோன்றியபடி எதிர்வினை செய்வார்கள். ஒத்திகையில் அது எடுபடவில்லை. கடைசியில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார். 1960 ஜூன் 11 அன்று கோல்னில் அரங்கேறியபோது டேவிட் டியூடர் பியானோவிலும் கிறிஸ்டோஃப் காஸ்கல் தாளவாத்தியங்களிலும் இருந்தார்கள். சபையைச் சுற்றி நான்கு பக்கமும் ஸ்பீக்கர்கள். ஒலி சுழல்வதுபோல் கேட்பதற்காக அவர் செய்த உபாயம் எளிமையானது: சுழலும் மேசைமேல் ஒரு ஸ்பீக்கரை வைத்து, சுற்றிலும் நான்கு மைக்குகளை நிறுத்தி, மேசையைக் கையால் சுற்றிப் பதிவு செய்தார்.

அந்த இசைக்குறிப்பைப் புரட்டினால் மேலே டேப்பின் ஒலிகள் கோடும் புள்ளியுமாக வரையப்பட்டிருக்கும். கீழே வாத்தியங்களுக்கான ஸ்வரங்கள். சுமார் 35 நிமிட டேப்பை ஏறக்குறைய மனப்பாடம் செய்யாமல் இதை வாசிக்க முடியாது. டேப் போகிற போக்கில் மனிதர் ஓட வேண்டும். மேடையில் இருவர் வாசிக்கிறார்கள். மூன்றாமவர் திரும்பிப் பார்க்காமல் முன்னே நடக்கிறார்.

இந்த முரட்டுத் துணையோடு குடித்தனம் நடத்தும் சூட்சுமத்தை நன்றாகக் கண்டுகொண்டவர் மரியோ டேவிடோவ்ஸ்கி. அர்ஜென்டினாவில் 1934இல் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் வேலை செய்தார். 'சின்க்ரோனிஸம்ஸ்' என்ற பெயரில் ஒவ்வொரு வாத்தியத்தையும் டேப்போடு சேர்த்து வரிசையாக எழுதிவந்தார். சிறிய பகுதிகளில் இரண்டையும் மயிரிழை பிசகாமல் சேர்ப்பார்; நீண்ட பகுதிகளில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் குற்றமில்லாதபடி எழுதிவிடுவார்.

அவருடைய 6ஆம் எண் படைப்பு பியானோவுக்கானது, 1970இல் எழுதியது. அதன் தொடக்கத்திலேயே ஒரு மாயம் இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒலி எழுந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். எந்த மேதையாலும் அதை வளர்க்க முடியாது. இங்கே ஒரே ஒரு ஸ்வரம் ஒலிக்கிறது, தேயவேண்டிய நேரத்தில் பெருகுகிறது. அதே ஸ்ருதியில் டேப் நைஸாக உள்ளே நுழைந்து அதை ஊதிப் பெருக்கிவிடுகிறது. மனிதர் எங்கே முடிந்தார், இயந்திரம் எங்கே தொடங்கியது என்று காதுக்குப் பிடிபடாது. இதற்கு 1971இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தையல் தெரியாமல் ஒட்டும் இதே வேலையை லூயிஜி நோனோ வேறு விதமாகச் செய்தார். 1976இல் அவர் மௌரிட்சியோ பொல்லினிக்காக எழுதிய படைப்பின் டேப்பில் இருப்பது பொல்லினியின் பியானோவேதான், இசைக்கூடத்தில் பதிந்து மாற்றியது. மேடையில் ஒரு பொல்லினி, ஸ்பீக்கரில் அவருடைய நிழல்.

எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தாலும் டேப் நிற்காது என்ற உண்மை மாறவில்லை. எனவே வேறு சிலர் டேப்பையே தூக்கிப்போட்டார்கள். 1964இல் ஷ்டாக்ஹவுசனின் 'மிக்ரோஃபோனி 1' வந்தது. நடுவில் ஒரு பெரிய தம்-தம் கண்டாமணித் தட்டு; இருவர் அதைத் தட்டவும் உரசவும் செய்ய, இருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பரப்பில் மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்போல அலைய, மற்ற இருவர் வந்த ஒலியை வடிகட்டிகளில் வடித்து அனுப்பினார்கள். 1970இல் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய 'மந்த்ரா'வில் ரிங் மாடுலேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்தினார். அதன் வேலை கூட்டலும் கழித்தலும். பியானோவில் 440 அதிர்வு ஸ்வரம் ஒன்றை வாசித்து, கருவியில் 100 அதிர்வு ஓசையைக் கலந்தால் வெளியே வருவது 540ம் 340ம். எந்த ஓசையைக் கலக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பியானோ சில இடங்களில் பியானோவாகவே இருக்கும். சில இடங்களில் உடைந்த வெண்கலமாகிவிடும்.

இந்தக் கருவிகள் வாத்தியக்காரரை அவசரப்படுத்துவதில்லை. வாசித்தால் மாற்றும், நிறுத்தினால் நிற்கும். நம் மேடைகளில் மின்னணு ஸ்ருதிப்பெட்டி தம்புராவின் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். ஸ்ருதிக்குத் தாளம் கிடையாது, ஆகவே அது யாரையும் முந்தவோ பிந்தவோ முடியாது. தாளம் போடும் மின்னணுப் பெட்டியும் கடைகளில் கிடைக்கிறது. அது வீட்டுச் சாதகத்தோடு சரி.

ஆனால் இதிலும் ஒரு குறை இருந்தது. ரிங் மாடுலேட்டர் எதிரொலி போன்றது. அதற்குத் தானாக ஒரு சங்கதி சொல்லத் தெரியாது. டேப்புக்குச் சொல்ல நிறைய உண்டு, காது இல்லை. இந்தக் கருவிகளுக்குக் காது உண்டு, வாய் இல்லை. இரண்டும் உள்ள இயந்திரம் வேண்டும் என்று அதிகம் தவித்தவர் பியேர் பூலேஸ்.

அவருக்கு டேப்போடு பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. 1958இல் ஆர்கெஸ்ட்ராவையும் டேப்பையும் சேர்த்து அவர் எழுதிய படைப்பு ஜெர்மனியின் டோனௌஷிங்கன் இசைவிழாவில் ஒருமுறை அரங்கேறியது. பிடிக்காமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1970இல் பிரான்ஸின் அதிபர் ஜார்ஜ் போம்பிடூ அவரை அழைத்து ஓர் இசை ஆய்வு நிறுவனத்தை உருவாக்கச் சொன்னார். 1977இல் பாரிஸின் போம்பிடூ மையத்துக்குப் பக்கத்தில், பெரும்பகுதி நிலத்துக்கடியில், இர்காம் திறக்கப்பட்டது. அங்கே ஜுசெப்பே தி ஜூஞ்ஞோ என்ற இத்தாலிய இயற்பியலாளர் 4எக்ஸ் என்ற இயந்திரத்தைக் கட்டினார். வாத்தியத்தின் ஒலியை உள்வாங்கி, அதே கணத்தில் உருமாற்றி வெளியே அனுப்பும் வேகம் அதற்கு இருந்தது.

1981 அக்டோபரில், அதே டோனௌஷிங்கனில், பூலேஸின் 'ரெபோன்' அரங்கேறியது. நடுவில் 24 பேர் கொண்ட குழு. அதைச் சுற்றிச் சபை. சபையையும் சுற்றி ஆறு தனிக் கலைஞர்கள்: பியானோ இரண்டு, ஹார்ப், சிம்பலோம், வைப்ரஃபோன், சைலஃபோன். முதல் சில நிமிடங்கள் நடுக்குழு மட்டும் எந்த மின்னணு ஒலியும் இல்லாமல் வாசிக்கும். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஒரு பெரிய ஸ்வர அடுக்கை விரலால் உதிர்ப்பார்கள். 4எக்ஸ் அதை அள்ளி, பல பிரதிகளாக்கி, ஸ்பீக்கர் விட்டு ஸ்பீக்கர் தாவவைக்கும். கூரை திறந்துகொண்டதுபோல் இருக்கும் அந்த இடம்.

இனி இயந்திரம் கச்சேரியின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கான விடை இர்காமில் இருந்த ஒரு ஃப்ளூட் கலைஞரைச் சுற்றி வளர்ந்தது. லாரன்ஸ் போர்கார், கனடாக்காரர், பூலேஸின் ஆன்சாம்பிள் ஆன்டர்கான்டாம்பொரான் குழுவில் வாசித்தவர். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் அமெரிக்காவின் எம்ஐடியிலிருந்து வந்த பேரி வெர்கோ. நோக்கத்தை எளிதாகச் சொல்லலாம்: கணினிக்கு இசைக்குறிப்பை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்; அது ஃப்ளூட்டைக் கேட்டு, குறிப்பில் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பதுபோல் பின்தொடர்ந்து, தன் பங்கைத் தானே வாசிக்க வேண்டும்.

செய்வதுதான் கடினம். மைக்கில் வரும் ஒலியின் ஸ்ருதியைக் கணிக்கக் கணினிக்குச் சில அலைகளாவது கடந்து போகவேண்டும். கீழ் ஸ்தாயியில் அந்தத் தாமதம் அதிகம். ஆகவே ஃப்ளூட்டின் சாவிகளில் உணரிகளைப் பொருத்தினார்கள். எந்தச் சாவி மூடியிருக்கிறது என்று தெரிந்தால் ஸ்வரம் இன்ன சிலவற்றில் ஒன்று என்று உடனே சுருங்கிவிடும். எந்த ஸ்தாயி என்பதை மட்டும் மைக் சொன்னால் போதும். கலைஞர் ஒரு ஸ்வரத்தைத் தவறவிடலாம், கூடுதலாக ஒன்றை வாசிக்கலாம். அதற்காகக் கணினி வழிதவறக் கூடாது. அடுத்த ஸ்வரம் எப்போது வரும் என்று முன்னதாக ஊகிக்கவும் வேண்டும், கேட்ட பிறகு தொடங்கினால் எப்போதும் பின்தங்கிவிடும். மிருதங்கக்காரர் நாற்பது வருஷக் கேள்வி ஞானத்தில் செய்வதை வரி வரியாக நிரலில் எழுத முயன்றார்கள் என்றே சொல்லலாம். 1984இல் பாரிஸில் நடந்த சர்வதேசக் கணினி இசை மாநாட்டில் வெர்கோ இதை விளக்கினார். அதே மாநாட்டில், அவருக்குத் தொடர்பில்லாமல் தனியாக இதே விடையை எட்டியிருந்த ராஜர் டானன்பர்க் என்ற அமெரிக்கர் டிரம்பெட்டைப் பின்தொடரும் தன் கணினியோடு வந்திருந்தார். அடுத்த கட்டத்தில் வெர்கோவும் அவருடைய மாணவர் மில்லர் பக்கெட்டும் கணினிக்கு ஒத்திகை பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே கலைஞரோடு பலமுறை வாசிக்கும்போது அவர் எங்கே இழுக்கிறார், எங்கே ஓடுகிறார் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

போர்கார் 1985இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். பூலேஸ் அவர் நினைவாக ஃப்ளூட்டும் எட்டு வாத்தியங்களுமாக ஒரு சிறிய படைப்பை எழுதினார். அதில் மின்னணு ஒலி எதுவும் இல்லை. போர்கார் தொடங்கிவைத்த வேலையை ஃபிலிப் மனூரி எடுத்துக்கொண்டார். 1987இல் இர்காமில் அரங்கேறிய அவருடைய 'ஜூபிடர்' படைப்பில் பியேர்-ஆந்த்ரே வாலாட் ஃப்ளூட் வாசிக்க, 4எக்ஸ் அவரைப் பின்தொடர்ந்தது. வாலாட் ஒரு ஸ்வரத்தில் நின்றால் இயந்திரமும் நின்றது.

மனூரியின் படைப்புகளுக்காக மில்லர் பக்கெட் எழுதிய நிரலின் பெயர் மாக்ஸ். 1957இல் பெல் ஆய்வகத்தில் கணினியை முதன்முதலாக இசைநிரல் ஒன்றின் மூலம் 17 விநாடிகள் வாசிக்க வைத்த மாக்ஸ் மாத்யூஸைக் கௌரவிக்க வைத்த பெயர். திரையில் பெட்டிகளைப் போட்டுக் கோடுகளால் இணைத்தால் போதும். எலெக்ட்ரீஷியன் வயர் இழுப்பதுபோல இசையமைப்பாளரே தனக்கு வேண்டிய கருவியைப் பூட்டிக்கொள்ளலாம். 1990இல் மாக்ஸ் கடைக்கு வந்தது. 1996 வாக்கில் பக்கெட் அதே மாதிரியான பியூர் டேட்டாவை எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார். அலமாரி அளவு இயந்திரம் செய்த வேலை மடிக்கணினிக்குள் புகுந்தது.

எல்லோரும் இந்த வழியில் போய்விடவில்லை. 'ஜூபிடர்' வந்த அடுத்த ஆண்டே, 1988இல், ஸ்டீவ் ரைஷ் குரோனோஸ் குவார்டெட்டுக்காக 'டிஃபரன்ட் டிரெயின்ஸ்' எழுதினார். பழைய டேப்பேதான். சிறுவயதில், 1939க்குப் பிறகு, பிரிந்து வாழ்ந்த பெற்றோரைப் பார்க்க நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குமாக ரயிலில் போய்வந்தவர் அவர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதரான தன்னை வேறு ரயில்கள் ஏற்றிப் போயிருக்கும் என்ற எண்ணத்தில் முளைத்த படைப்பு. டேப்பில் பலருடைய பேச்சு, ரயில் ஊதல், அபாயச் சங்கு, அதோடு குவார்டெட்டே முன்பு வாசித்துப் பதிந்த அடுக்குகள். பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஸ்வரமாக்கி வயோலாவும் செல்லோவும் பின்தொடர்கின்றன. ஒவ்வொரு பேச்சுத் துண்டுக்கும் ஒரு வேகம், ஒரு ஸ்ருதி. அடுத்த துண்டு வந்ததும் நால்வரும் சட்டென்று அதற்கு மாற வேண்டும். இங்கே டேப் காத்திருந்தால்தான் தப்பு. அந்த ரயில்கள் யாருக்காகவும் நிற்கவில்லை.

ஃபின்லாந்திலிருந்து இர்காமுக்கு வந்து பாரிஸிலேயே தங்கிவிட்ட காயா சாரியாஹோ நடுவழி ஒன்றைப் பிடித்தார். 1992இல் கமிலா ஹோய்டெங்காவுக்காக அவர் எழுதிய 'நோவா நோவா'வில் ஃப்ளூட் கலைஞர் குழலுக்குள் ஊதிக்கொண்டே கிசுகிசுக்கவும் செய்கிறார்; காலடியில் ஒரு பெடல். அடுத்த ஒலி வரவேண்டிய இடத்தில் அவரே மிதிக்கிறார். கணினி ஊகிக்க வேண்டியதில்லை. எப்போது என்று கால் சொல்லிவிடும்.

பின்தொடரும் கணினியும் வளர்ந்தது. பூலேஸ் 1997இல் வயலினுக்கு எழுதிய 'ஆந்தெம் 2', ஹேசன் காங் வாசிக்க டோனௌஷிங்கனில் அரங்கேறியது. 2007இல் இர்காமில் ஆர்ஷியா கோன்ட் உருவாக்கிய அன்டெஸ்கோஃபோ என்ற நிரல் ஸ்வரத்தோடு கலைஞரின் வேகத்தையும் கணித்து, அடுத்தது எப்போது என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கற்றது.

கருவிகளின் ஆயுள்தான் குறைவு. ஃப்ளூட்டுக்கு எழுதிய தாள் நூறு வருஷம் கழித்தும் வாசிக்கக் கிடைக்கும். 4எக்ஸுக்கு எழுதியதை 4எக்ஸ் ஓய்ந்த பிறகு வேறு கணினிக்கு மாற்றி எழுதினால்தான் உயிர். 'ஜூபிடர்' அப்படிப் பலமுறை கூடுவிட்டுக் கூடு பாய்ந்திருக்கிறது. ஃப்ளூட்டின் பங்கு மாறவில்லை, மின்னணுப் பங்கைத்தான் ஒவ்வொரு தலைமுறை இயந்திரத்துக்கும் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கென்றே இர்காமில் ஒரு தொழில் உருவானது. இசையமைப்பாளரின் எண்ணத்தை நிரலாக்கிக் கொடுத்து, கச்சேரியன்று சபையின் நடுவில் மிக்ஸர் பலகைக்குப் பின்னால் உட்காருபவர்கள் இவர்கள். 'ரெபோன்' தொடங்கி 'ஆந்தெம் 2' வரை பூலேஸுக்கு அந்த இடத்தில் இருந்தவர் ஆண்ட்ரூ கெர்ட்ஸோ.

இன்றும் இத்தகைய கச்சேரிக்குப் போனால் அந்த மேசையைப் பார்க்கலாம். மேடையில் வயலின்காரர் வாசிக்கிறார். மடிக்கணினி அவரைக் கேட்டுத் தானாகவே ஒவ்வொரு கட்டமாக நகர்கிறது. அதன் முன்னால் ஒருவர் இசைக்குறிப்பை விரித்து வைத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு, தானும் உடன் படித்து வருகிறார். அவருடைய ஒரு விரல் விசைப்பலகைமேல் இருக்கிறது. கணினிக்கு இடம் தவறினால், சபைக்குத் தெரியாமல் தட்டிவிட்டு அதை எடுப்பில் கொண்டுவந்து இறக்குவதற்காக.